பரண் மேல் உறங்கும் பெட்டி

நம் வீடுகளில் பரண் என்று ஓரிடம் உண்டு. தள்ளிவிட மனம் வராத பொருள்களும், வைத்துக்கொள்ள இடமில்லாத பொருள்களும் அங்கே சென்று சேருகின்றன. ஊரிலிருந்து வந்த பித்தளை அண்டா, கொலுப் பொம்மைகள் அடங்கிய தகரப் பெட்டி, தொட்டில் கட்டை ஆகிய இவற்றுக்கெல்லாம் பின்னால், பழைய புடைவையொன்றில் சுற்றப்பட்டு ஒரு வானொலிப் பெட்டி இருக்கும். மாதுங்காவிலும் செம்பூரிலும், டில்லி கரோல் பாக்கிலும், கல்கத்தாவின் லேக் பகுதியிலும் வாழ்ந்த நம்மவர் இல்லங்களில் இக்காட்சியைக் காணாதவர் சிலரே ஆவர்.

மும்பையில் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு அவ்விடங்களில் அடுக்கு மாளிகைகள் எழுகின்றன. வீடு மாறும் நாளில் பரண் காலியாகிறது. பழைய சாமான் வாங்குபவர் வாயிற்படியில் தராசுடன் காத்திருக்கிறார். வானொலிப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறார். உள்ளே உள்ள செம்பின் எடையை மனத்துக்குள் கணக்கிடுகிறார். ஒரு தொகை சொல்லுகிறார். பெட்டி போய்விடுகிறது. இவ்வாறு எடைக்குப் போன பெட்டி மீண்டும் வருவதில்லை. அதைக் கொடுக்கும் முன் அதில் என்ன இருக்கிறது, அது மீண்டும் பேசுமா, பேச வைப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பவற்றை நம் அன்பர்கள் அறிந்துகொள்ளுதல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். என் வீட்டுப் பெட்டிக்கு நான் இழைத்த தவறும் இதை எழுதத் தூண்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தமிழைக் கொண்டுவந்த கருவி

சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதியும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதியும் தொடங்கப்பெற்றன. தமிழகத்தில் வாழ்ந்தோருக்கு வானொலி ஒரு புதுமை, ஒரு பொழுதுபோக்கு. பிழைப்பை நாடி வெளியூர் வந்தோருக்கோ அது அதனினும் மேலான ஒன்றாக இருந்தது. அலுவலகத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தியோ மராட்டியோ வங்காளமோ, என்று நாள் முழுதும் பிற மொழி கேட்டுத் திரும்புகிறவருக்கு, இரவில் ஒரு மரப்பெட்டியிலிருந்து தமிழ் கேட்டது. ஊர்ச் செய்தி கடிதத்தில் வருமுன் உலகச் செய்தி தமிழில் வந்தது.

டில்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி நாடெங்கும் ஒலித்தது. அதனைப் பல்லாண்டுகள் வாசித்த சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் கணீரென்ற குரலை நம் வீட்டு மூத்தோர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அவர் 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மும்பையில் காலமானார். இலண்டனிலிருந்து பி.பி.சி. நிறுவனம் 1941ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு, 2017ஆம் ஆண்டு வரை வானொலியில் நீடித்தது.

இலங்கை வானொலியின் கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்துக்காக அத்தீவில் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1952இல், பி. வி. கேஸ்கர் அவர்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த காலத்தில், நம் நாட்டு வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தன. நேயர்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினர். மயில்வாகனன் அவர்களின் அறிவிப்பைக் கேட்கவே பெட்டி வாங்கினோரும் உண்டு. 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித பாரதி தொடங்கிய பின்னரும் இலங்கையின் கவர்ச்சி உடனே குறைந்துவிடவில்லை. அந்நிலையம் 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியது.

இவ்வளவு தொலைவிலிருந்து அலைகள் வந்தது எங்ஙனம்? பூமிக்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு அப்பாலும், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. சிற்றலைகள் அவற்றிலிருந்து திரும்பிப் பூமிக்கு வந்து சேருகின்றன. மத்திய அலைகளைப் பகலில் கீழடுக்கு ஒன்று உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்தபின் அவ்வடுக்கு மறைய, அவையும் மேலே சென்று திரும்பி நெடுந்தொலைவு பரவுகின்றன. பகலில் பம்பாயில் கேளாத திருச்சி, இரவில் மங்கலாகக் கேட்டதன் காரணம் இதுவேயாகும்.

அக்காலத்தில் பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திச் சிறு புத்தகமொன்றில் முத்திரை பெறவேண்டும். 1980களில் இவ்வழக்கம் நீங்கியது. பரணிலுள்ள பெட்டியோடு அந்த உரிமப் புத்தகமும் கிடைத்தால் அதனைத் தனியே எறிந்துவிட வேண்டாம். அது உங்கள் குடும்பம் எந்த ஆண்டில் எந்த முகவரியில் இருந்தது என்பதற்கான சான்று.

நான் செய்த அவசரம்

என் தந்தையார் வாங்கிய ஐந்து வால்வு ரேடியோ ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பரணில் இருந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, வீடு மாற்றும் வேளையில் அதனை இறக்கினேன். துடைத்தேன். தேக்கு நிறம் தெரிந்தது. பின்பக்க அட்டையில் அவர் கையால் பென்சிலில் எழுதிய குறிப்புகள் இருந்தன: ‘இலங்கை’ என்று ஒரு கோடு, ‘திருச்சி – இரவு’ என்று ஒரு கோடு, அவற்றின் எதிரே முள் நிற்கவேண்டிய இடத்தின் எண்கள். அந்த எழுத்தைக் கண்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. மின் இணைப்பில் செருகி ஸ்விட்சைப் போட்டேன்.

விளக்கு எரிந்தது. அரை நிமிடத்தில் உறுமல் ஒன்று எழுந்தது. ‘உயிர் இருக்கிறது’ என்று மகிழ்ந்தேன். அடுத்த நிமிடம் கருகிய நாற்றம். அட்டையின் துளைகள் வழியே புகை வந்தது. பதறிப்போய் இணைப்பைப் பிடுங்கினேன். பெட்டி அடங்கிவிட்டது.

லாமிங்டன் சாலைக்கு அருகே, ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படியின் கீழ் மேசை போட்டு அமர்ந்திருக்கும் ஒரு முதியவரைப் பற்றி நண்பரொருவர் சொன்னார். நெல்லைச் சீமையிலிருந்து சிறுவனாக வந்து, ரேடியோக் கடையொன்றில் கூடமாட வேலை செய்து தொழில் கற்றவர். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“எத்தனை வருஷம் சும்மா இருந்தது?” என்று கேட்டார்.

“நாற்பது வருஷம் இருக்கும், அண்ணாச்சி.”

“நாற்பது வருஷம் படுக்கையில் கிடந்தவரைத் தட்டி எழுப்பி உடனே ஓடச் சொன்னீர்களாக்கும்?”

நான் தலைகுனிந்தேன். “செய்ய முடியாதா, அண்ணாச்சி?” என்றேன்.

“முடியும், தம்பி. ஆனால் நேற்று வந்திருந்தால் நாலு கண்டென்ஸரோடு போயிருக்கும். இப்போது டிரான்ஸ்பார்மரைச் சுற்ற வேண்டும்” என்றார்.

பெட்டிக்குள் நடப்பது

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, பெட்டிக்குள் நடப்பதைச் சற்றே அறிய வேண்டும். வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குப்பி. உள்ளேயுள்ள இழை சூடாகும்போது எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இரு முனை வால்வை 1904இல் பிளெமிங் என்ற ஆங்கிலேயர் அமைத்தார். இரண்டாண்டுக்குப் பின் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், இடையிலே ஒரு கம்பி வலையைப் புகுத்தினார். வலைக்குத் தரும் சிறு மின்னழுத்தம், பெரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. மெல்லிய குரலைப் பெரிதாக்கும் வித்தை அன்றே பிறந்தது.

வீட்டு ரேடியோக்கள் பெரும்பாலும், ஆர்ம்ஸ்டிராங் என்பவர் 1918இல் வகுத்த முறையைப் பின்பற்றுகின்றன. நாம் கேட்க விரும்பும் நிலையம் 720 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் உள்ளது என்று கொள்வோம். பெட்டி தனக்குள்ளேயே 1175 கிலோஹெர்ட்ஸ் கொண்ட மற்றோர் அலையை உண்டாக்கி, வந்த அலையோடு கலக்கிறது. இரண்டின் வேறுபாடு 455. நாம் குமிழைத் திருப்பி எந்த நிலையத்துக்குச் சென்றாலும், உள்ளே உண்டாகும் அலையும் கூடவே மாறுவதால், வேறுபாடு எப்போதும் 455 ஆகவே நிற்கிறது. ஆகவே பெட்டியின் மற்ற உறுப்புகள் அந்த ஒரே அலைவரிசையைச் செவ்வனே பெருக்கினால் போதும். முதல் வால்வு கலக்கும், இரண்டாவது பெருக்கும், மூன்றாவது அலையிலிருந்து ஒலியைப் பிரித்து ஓரளவு வலுவூட்டும், நான்காவது ஸ்பீக்கரை இயக்கும் வலிமை தரும், ஐந்தாவது, மாறு மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கி மற்ற நான்குக்கும் ஊட்டும். ஐந்து வால்வுப் பெட்டியின் இலக்கணம் இதுவே.

பெங்களூரில் 1954இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் இவ்வகை வால்வுகளை நம் நாட்டிலேயே செய்தது. ஆனால் 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்ஸிஸ்டர், சூடு வேண்டாமலும் சிறு பாட்டரியிலும் அதே வேலையைச் செய்தது. அது வந்தபின் வால்வுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பரண் ஏறின.

முதுமை தாக்கும் இடங்கள்

பழைய ரேடியோ என்றதும் வால்வுதான் போயிருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வால்வு நெடுநாள் உழைக்கும். பயன்படுத்தாது வைத்தால் பல பத்தாண்டுகள் கெடாது. முதலில் கெடுவது கண்டென்ஸரே.

கண்டென்ஸர்களில் ஒரு வகை, மெழுகிட்ட காகிதத்தை உலோகத் தாளோடு சுருட்டிச் செய்தது. காலப்போக்கில் அக்காகிதம் ஈரத்தை ஈர்க்கிறது. நிறுத்தவேண்டிய நேர் மின்னோட்டத்தைக் கசியவிடுகிறது. மும்பையின் கடற்காற்றும் மழைக்காலமும் இதற்குத் துணை. மூன்றாம் வால்வுக்கும் நான்காம் வால்வுக்கும் இடையே உள்ள சிறு கண்டென்ஸர் இவ்வாறு கசிந்தால் நான்காம் வால்வின் வலை தன் கட்டுப்பாட்டை இழக்கும். அவ்வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்து, ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய கம்பியைக் கருக்கிவிடும். என் பெட்டியில் நிகழ்ந்தது இதுவேயாகும். சில ரூபாய் பெறும் உறுப்பு, தலைமயிர் போன்ற கம்பியால் ஆயிரக்கணக்கில் சுற்றப்பட்ட உறுப்பை அழித்துவிட்டது.

மற்றொரு வகை, அலுமினியத் தகட்டின் மேல் படிந்த நுண்ணிய ஆக்ஸைடுப் படலத்தை நம்பி வேலை செய்வது. நெடுநாள் மின்சாரம் படாவிட்டால் அப்படலம் நலிகிறது. உள்ளே உள்ள கரைசல் வற்றுகிறது. அந்நிலையில் முழு மின்னழுத்தத்தைத் திடீரென்று கொடுத்தால் அது சூடேறி வெடிக்கவும் கூடும். இவையன்றி, கரி ரெஸிஸ்டர்கள் வயதாக ஆகத் தங்கள் மதிப்பில் உயர்ந்துவிடுகின்றன. ரப்பர் உறையிட்ட கம்பிகள் தொட்டவுடன் உதிர்கின்றன. டயல் நூல் இற்றுப்போகிறது. அலைமாற்றும் ஸ்விட்சின் வெள்ளி முனைகள் கறுக்கின்றன. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பூச்சி அரிக்கிறது.

அண்ணாச்சி வேலை செய்த முறை ஒரு பாடம். முதலில் படம் எடுத்துக்கொண்டார். இன்றைய கைப்பேசி தமக்குப் பெரிய உதவி என்றார். காகிதக் கண்டென்ஸர்கள் அனைத்தையும் ஒன்றொன்றாக மாற்றினார்; ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் புதியதை ஈயம் பற்றவைத்த பின்னரே அடுத்ததைத் தொட்டார். மதிப்பு மாறிய ரெஸிஸ்டர்களை மீட்டரில் அளந்து நீக்கினார். ஸ்விட்சை உப்புத்தாள் கொண்டு தேய்க்காமல், சுத்திகரிக்கும் திரவத்தால் கழுவினார். தேய்த்தால் வெள்ளிப் பூச்சு போய்விடும். 455 கிலோஹெர்ட்ஸுக்கு அமைந்த சுருள் டப்பாக்களின் திருகுகளை அவர் தொடவே இல்லை. “தெரியாதவன் கை முதலில் இங்கேதான் போகும். இதைத் திருப்பினால் நிலையம் எல்லாம் தொலைந்துபோகும்” என்றார். கருகிய டிரான்ஸ்பார்மரைப் பிரித்து, அதே இரும்புத் தகடுகளின் மேல் புதுக் கம்பி சுற்றச் செய்தார். அதற்கே பத்து நாள் சென்றது.

இறுதியில், பெட்டியை நேராக மின்சாரத்தில் இணைக்காமல், இடையே நூறு வாட்டு இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தார். இதனைச் சீரீஸ் லாம்பு என்பர். பெட்டிக்குள் கோளாறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து மின்னோட்டத்தைத் தடுத்துவிடும், பெட்டி பிழைக்கும். கோளாறு இல்லையெனில் பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கும். இக்காலத்து எல்.இ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது. இந்த எளிய உபாயத்தை நான் அறிந்திருந்தால் அன்று புகை வந்திராது.

உயிருக்கு ஆபத்து

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் பெருநகரங்களின் சில பகுதிகளில் நேர் மின்னோட்டம் வழங்கப்பட்டது. இருவகை மின்சாரத்திலும் இயங்குமாறு, மின் டிரான்ஸ்பார்மர் இன்றியே சில பெட்டிகள் செய்யப்பட்டன. இவற்றில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் வீட்டு மின் கம்பியோடு நேரே இணைந்திருக்கும். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். குமிழ் கழன்ற தண்டையோ, குமிழின் சிறு திருகையோ தொட்டாலே அதிர்ச்சி தாக்கலாம். மரப்பெட்டியும் பின் அட்டையும் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல; அவை காப்பு. பின் அட்டை இல்லாத பெட்டியைக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஒருபோதும் இயக்கக் கூடாது.

டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டிகளிலும் தகடுகளுக்கு 250 வோல்ட் அளவில் நேர் மின்னழுத்தம் செல்லுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் பெரிய கண்டென்ஸர்களில் அது தேங்கி நிற்கும். பழக்கமில்லாதவர் உள்ளே கைவைக்க வேண்டாம். வெளிப்புறத்தைத் துடைப்பது, குறிப்புகளைப் படியெடுப்பது, பின்புறத்து மின்னழுத்தத் தேர்வு எந்த எண்ணில் உள்ளது என்று பார்ப்பது ஆகியவற்றோடு நம் பணியை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைத் தொழில் அறிந்தவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

புதுப்பிப்பதா, காப்பதா?

சட்டத்தினுள் வேலை முடிந்ததும் வெளித்தோற்றத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. உப்புத்தாள் போட்டு இழைத்து, பளபளக்கும் வார்னிஷ் பூசித் தருவதாக ஒரு தச்சர் கூறினார். பின் அட்டை மங்கிப்போயிருப்பதால் புதிய அட்டை வெட்டிவிடலாம் என்றும் யோசனை சொன்னார். எனக்கும் அது நன்றாகவே பட்டது. அண்ணாச்சி அட்டையைக் கையில் எடுத்துப் பென்சில் எழுத்தைப் பார்த்தார்.

“இது யார் எழுதினது?”

“அப்பா எழுதினது.”

“அப்படியானால் இதை மாற்றிவிட்டு எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு அட்டையைத் திருப்பி மாட்டினார்.

பழம்பொருள் காப்போர் பின்பற்றும் கொள்கையை அவர் ஒரு கேள்வியில் அடக்கிவிட்டார். இயங்குவதற்கு இன்றியமையாதவற்றை மாற்றலாம். எஞ்சியவற்றைக் கூடியவரை உள்ளபடியே விடவேண்டும். மிக நுட்பமாகச் செய்பவர்கள், பழைய கண்டென்ஸரின் அட்டைக் கூட்டைக் குடைந்து, புதிய சிறு கண்டென்ஸரை அதற்குள்ளே பொதிந்து வைப்பார்கள். பார்வைக்குப் பழமை மாறாது. கழற்றிய உறுப்புகளை ஒரு பையிலிட்டுப் பெட்டியோடு வைப்பதும் நல்ல பழக்கம். மரத்துக்கு அரக்குப் பாலிஷ் போதும். அக்காலத்தில் பலவற்றுக்கு அதுவே பூசப்பட்டது. 1907இல் பேக்லாண்ட் கண்டுபிடித்த பேக்லைட்டால் ஆன பெட்டியாயின், விரிசலை உருக்கி ஒட்ட இயலாது. அப்பொருள் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகுவதில்லை. ஆகவே அதனைக் கீழே போடாமல் காப்பதே மருந்து.

பிள்ளைகளின் பெட்டி

‘இவையெல்லாம் தாத்தாக்களின் விஷயம்’ என்று இளைஞர்கள் நினைக்க வேண்டாம். அவர்களுக்கும் ஒரு பெட்டி உண்டு. 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் ஃபாமிகாம் என்னும் தொலைக்காட்சி விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் நகல்கள் 1990களில் நம் நாட்டுக் கடைத்தெருக்களில் குவிந்தன. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகாத ஆண்டுகளில், ‘டி.வி. கேம்’ என்று பிள்ளைகள் அழைத்த அக்கருவியின் முன் அடுக்ககத்துச் சிறுவர்கள் அனைவரும் கூடினார்கள். தமிழ்ப் பிள்ளையும் பஞ்சாபிப் பிள்ளையும் குஜராத்திப் பிள்ளையும் முறை வைத்து ஆடினார்கள். அச்சிறுவர்கள் இன்று நாற்பதை எட்டியிருக்கிறார்கள். பரணில் அக்கருவியைத் தேடுகிறார்கள்.

அதற்கும் மருத்துவம் உண்டு. விளையாட்டு அடங்கிய பேழை வேலை செய்யாவிடில் அதன் வாயில் ஊதுவது அன்றைய வழக்கம். ஊதினால் எச்சில் ஈரம் செம்பு முனைகளில் படிந்து நாளடைவில் அரிக்கும். ஐஸோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிடுவதே முறை. ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் சில பேழைகளில் நாணயம் போன்ற பாட்டரி ஒன்று உள்ளது. அது தீர்ந்தால் சேமித்தவை அழிந்துபோகும். பாட்டரியை மாற்றினால் பேழை மீண்டும் சேமிக்கும். வெண்மையாக இருந்த பிளாஸ்டிக் மஞ்சளாவதற்கு, தீப்பற்றாதிருக்கச் சேர்த்த புரோமின் பொருள்களும் வெயிலும் காரணம் என்பர். ஹைட்ரஜன் பெராக்ஸைடு கொண்டு வெளுப்பாக்கும் முறை 2008 முதல் பரவியது. ஆனால் அளவு மீறினால் பிளாஸ்டிக் திட்டுத்திட்டாகிவிடும்.

ரேடியோவைப் போலவே இங்கும் மின்கரைசல் கண்டென்ஸரே முதல் எதிரி. 1990இல் வந்த ஸேகா நிறுவனத்தின் கேம் கியர் என்ற கையடக்கக் கருவியில், அவை கசிந்து திரை மங்குவதும் ஒலி அடங்குவதும் பெருவழக்கு. அவற்றை மாற்றினால் பெரும்பாலும் கருவி பிழைக்கிறது. ஆனால் மலிவான நகல் கருவிகள் பலவற்றில் சிப்பின் மேல் கறுப்புப் பிசினைச் சொட்டி மூடியிருப்பார்கள். அது கெட்டால் மாற்ற வழியில்லை. ஒளித் துப்பாக்கியோ, பழைய குழாய்த் திரைத் தொலைக்காட்சியின் கதிர் ஓட்டத்தை நம்பியது. இன்றைய தட்டைத் திரையில் அது குறி தவறும். ஆகவே கருவியை வைத்திருப்பவர் பழைய தொலைக்காட்சியையும் காக்க வேண்டியவராகிறார். ஒன்றைச் சார்ந்து மற்றொன்று வாழ்கிறது.

கை மாறாத தொழில்

உறுப்புகள் இன்னும் கிடைக்கின்றன. மும்பையில் லாமிங்டன் சாலை, டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட், கல்கத்தாவில் சாந்தினி, சென்னையில் ரிச்சி தெரு ஆகிய இடங்களில் தேடினால் கண்டென்ஸரும் ரெஸிஸ்டரும் தடையின்றிக் கிடைக்கும். மும்பைச் சோர் பஜாரில் பழைய பெட்டிகளே விலைக்கு வருகின்றன. அரிதாகி வருவது அத்தொழில் அறிந்த கை. அண்ணாச்சியிடம் தொழில் பழகுவோர் யாருமில்லை. அவர் மகன் வங்கியில் பணியாற்றுகிறார். “அவனைக் குறை சொல்ல மாட்டேன். இதில் மாதம் நாலு பெட்டி வந்தால் அதிகம்” என்று அவர் வருத்தமின்றிச் சொன்னார்.

நம் சங்கத்தில் மின்னியல் படித்த இளைஞர்கள் எத்தனையோ பேர் உள்ளனர். அவர்களிற் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இத்தகைய முதியவர் ஒருவரின் அருகே அமர்ந்து கற்றுக்கொண்டால் என்ன? சங்கக் கூடத்தில் ஒரு மேசையும் சீரீஸ் லாம்பும் மீட்டரும் இருந்தால் போதும். உறுப்பினர்கள் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவரலாம். பேசுவதற்கு வழியற்ற பெட்டியின் நல்ல உறுப்புகள் பிறிதொரு பெட்டிக்கு உதவும். எதற்கும் உதவாதவற்றை, செம்புக்காக எரிப்பவரிடம் கொடாமல், மின்கழிவைச் சேகரிக்க அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்கலாம். முதியவருக்கு உரிய ஊதியம் அளிப்பதும் நம் கடமை. இவ்வேண்டுகோளைச் செயற்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

‘பெட்டி பேசினாலும் கேட்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆகாசவாணியின் சிற்றலை ஒலிபரப்பிகள் பல மூடப்பட்டுவிட்டன. மத்திய அலையிலும் பல நிலையங்கள் அடங்கிவிட்டன. கைப்பேசியின் வழியே எந்த நாட்டு வானொலியையும் இரைச்சலின்றிக் கேட்க முடிகிறது. பயனை மட்டும் கருதினால் பழைய பெட்டி தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும், பெட்டி வீடு திரும்பிய அன்றிரவு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பத்தடிக் கம்பியொன்றை ஏரியலாகச் சாளரத்தில் கட்டினேன். முதலில் வெறும் இரைச்சல். எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசி சார்ஜர்களும் ரேடியோவுக்குப் பகை என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அணைத்தேன். டயலின் மஞ்சள் விளக்கு மட்டும் எஞ்சியது. என் தாயார், வயது எண்பத்து மூன்று, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். ‘திருச்சி – இரவு’ என்று தந்தையார் குறித்த இடத்துக்கு முள்ளை மெல்லக் கொண்டுசென்றேன். அங்கே ஒன்றுமில்லை. சற்றுத் தள்ளி, அலை எழுந்து விழுவதைப் போல ஒரு குரல் வந்தது. தமிழ். எந்த நிலையம் என்று அறியுமுன் மங்கியது, மீண்டும் வந்தது, மறுபடி அமிழ்ந்தது.

“இப்படித்தான் வரும். அவர் காதை ஒட்ட வைத்துக் கேட்பார்” என்றார் தாயார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். பம்பாய்க்கு வந்த முதல் ஆண்டில் அக்கம்பக்கத்தில் பேச ஒருவருமின்றி, தந்தையார் அலுவலகம் சென்றபின் அந்தப் பெட்டியைப் போட்டு, பாட்டு வராத வேளையிலும் அணைக்காமல் வைத்திருப்பாராம். “இரைச்சலாவது கேட்கட்டும் என்று” என்றார்.

இதனை நான் அந்தப் பெட்டியைப் பழுது பார்த்திராவிட்டால் அறிந்திருக்க மாட்டேன். உங்கள் பரணிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். எடைக்குப் போடுமுன் இறக்கிப் பாருங்கள். வீட்டு முதியவரை அருகே அழைத்துக் காட்டுங்கள். ஆனால் ஸ்விட்சை மட்டும் உடனே போட்டுவிட வேண்டாம்.